பாறைக்கோட்டையில் அடித்த மணி

"இருபத்தொரு வருஷம் ஆச்சு டீச்சர். ஒருத்தன்கூட என் பேரைச் சொல்லல," என்றார் இளவழுதி.

வேதவல்லி அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்திலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இறக்கறீங்க? நேத்துதான் நிறைச்சேன்."

"சரளையில காத்து நிறைய இருந்தா ஆளைத் தூக்கிப் போட்டுடும்."

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வெள்ளியாறு மலையை அறுத்துக்கொண்டு போகும் இடுக்கில், சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சைக்கிள் கற்க வந்தவர்களில் சிலர் வேறு எதையோ கற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்று பேச்சு. அதைக் கேட்டுத்தான் அவரும் வந்தார்.

'குரு' என்ற சொல் அவர் வாயில் வராது. அந்தச் சொல்லைக் கிண்டல் செய்தே நாற்பது துண்டறிக்கை போட்டவர். அதனால் 'டீச்சர்' என்று கூப்பிட்டார்.

அவர் நடத்திய போராட்டங்கள் முப்பது. இருபத்தொன்பது தோற்றன. கட்சி உடைந்தது, தோழர்கள் விலை போனார்கள். ஜெயித்தது ஒன்றே ஒன்று.

அது இந்தப் பாதை. இதில் தார் போட்டுக் கருங்கல் லாரிகளை விட இருந்தார்கள். இளவழுதி கீழே டவுன் மைதானத்தில் நாற்பது நாள் மேடை போட்டார். தடை உத்தரவு வந்தது. இன்றைக்கு இருபத்தெட்டுக் கிலோமீட்டருக்கு ஆற்றின் சத்தம் மட்டும்தான். சைக்கிள்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

"இங்க சத்தமே இல்லைன்னா, அது நான் போட்ட சத்தத்தால," என்றார். "இது எவனுக்காவது தெரியுமா? நான் சாகறதுக்குள்ள ஒரு ஊர், ஒரே ஒரு ஊர், 'இளவழுதியாலதான்'னு சொல்லணும். இல்லேன்னா நான் வாழ்ந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

வேதவல்லி வால்வை மூடினாள்.

"பாறைக்கோட்டைக்குப் போயிருக்கீங்களா?"

"போனதில்ல. அதைப் பத்தி எழுதியிருக்கேன்."

"வாங்க, போவோம். நீங்க முன்னால போங்க."

*

பாதை ஆற்றுக்கு மேலே, பாறையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறியது. சக்கரத்துக்கு அடியில் கற்கள் நறநறத்தன. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் கீழே, வெகு கீழே, பச்சைத் தண்ணீர்.

இளவழுதிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒவ்வொரு வளைவும் தன் பிள்ளை மாதிரி இருந்தது.

பாறைக்கோட்டை தெரிந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு குறுநில மன்னன் எழுப்பிய கல்வாசல். உள்ளே, இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய தெரு. இரண்டு பக்கமும் கருங்கல் வீடுகள்.

வாசலில் நுழையும்போது அவர் மணியை அடித்தார். சும்மா, ஒரு மகிழ்ச்சியில். ஊருக்குள் போன பிறகும் தெரு முழுக்க அடித்துக்கொண்டே போனார்.

தெரு மாறிவிட்டது.

நடந்துகொண்டிருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். உலக்கைச் சத்தம் நின்றது. கதவுகள் திறந்தன. பெண்கள் செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார்கள். மேல்தெருவிலிருந்து நான்கு ஆண்கள், தோளில் துண்டை மடித்துப் போட்டபடி ஓடி வந்தார்கள்.

இளவழுதி இறங்கினார். இருபத்தொரு வருஷம் கழித்து ஒரு ஊர் எழுந்து நிற்கிறது!

கைகூப்பினார்.

"இதெல்லாம் எதுக்குங்க? என் கடமையைத்தானே செஞ்சேன்?"

ஓடி வந்த நால்வரும் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அங்கே வேதவல்லி மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கட்டில் எங்கீங்க?" என்றான் ஒருவன்.

"எந்தக் கட்டில்?"

"மணி அடிச்சீங்களே. நோவு யாருக்கு?"

"யாருக்கும் இல்லையே. நான் சும்மா..."

"சும்மாவா?"

தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னடா, யாரு பொழைச்சது, யாரு போச்சு?"

"ஒண்ணுமில்ல சித்தி! டவுன்காரரு. வெளையாட்டுக்கு அடிச்சாராம்!"

யாரோ சிரித்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. உலக்கை மறுபடியும் இடிக்கத் தொடங்கியது.

கூப்பிய கையை எங்கே வைப்பதென்று இளவழுதிக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் மட்டும் உள்ளே போகவில்லை. ஐம்பது வயதிருக்கும். செம்பை அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. மொண்டாந்த தண்ணிய திருப்பி ஊத்தக்கூடாது. நான் மாதம்மா."

அவர் குடித்தார்.

"இங்க சைக்கிளுக்கு மணி அடிக்கறதில்லீங்க," என்றாள் மாதம்மாள். "ஆளைக் கட்டில்ல தூக்கிக்கிட்டுப் போகும்போதும் வரும்போதும் முன்னால ஒருத்தர் அடிச்சிட்டு ஓடுவாரு. வழி விடணும். தோள் மாத்த ஆள் வரணும். தூக்கறவங்களுக்குத் தண்ணி குடுக்கணும். மேல அஞ்சு ஊரு. எல்லாக் கட்டிலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகணும்."

"எவ்வளவு தூரம்?"

"கீழ ரோடு வரைக்கும் பத்தொம்பது கிலோமீட்டர். தலைப்பிரசவம்னா முன்னாடி நாளே தூக்கிருவோம்."

இளவழுதி வேதவல்லியைத் தனியே இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும். நான் அடிச்சப்ப ஏன் தடுக்கல? வர்றதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க," என்றாள் வேதவல்லி.

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, டயரில் சிக்கிய சரளைகளை நோண்ட ஆரம்பித்தாள்.

*

"எந்த வண்டியும் வரக்கூடாதுன்னு உத்தரவுங்க," என்றாள் மாதம்மாள். "லாரி வேணாம்னுதான் நாங்களும் சொன்னோம். லாரி வந்திருந்தா இந்த வீடெல்லாம் இடிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரி ஜீப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

இளவழுதி சுவரைப் பார்த்தார்.

தீர்மானத்தில் 'கல் லாரி வேண்டாம்' என்றுதான் மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு 'எந்த மோட்டாரும் வேண்டாம்' என்று மாற்றியவர் அவர். மேடையில் அதுதான் எடுபட்டது.

"எங்க வீட்டுக்காரர் சின்னமாது அந்தக் கூட்டத்துக்குப் போனாரு," என்றாள் அவள். "கையைத் தூக்கி, 'ஜீப்பு மட்டும் விடலாங்களா?'ன்னு கேட்டிருக்காரு. மேடையில இருந்தவரு, 'ஜீப்புல போக ஆசைன்னா மந்திரியாகுங்க தோழரே'ன்னு சொன்னாராம். மைதானமே சிரிச்சுதாம். வந்து ரெண்டு நாள் சாப்பிடல மனுசன்."

அந்தச் சிரிப்பு இளவழுதிக்கு நினைவிருந்தது. கை நினைவிருந்தது. முகம்தான் நினைவில்லை.

"இப்ப அவர்...?"

"ஆறு வருஷமாச்சு. நெஞ்சுவலி. மூணாவது வளைவு வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு."

அவர் செம்பைக் கீழே வைக்கப் பார்த்தார். கல்லில் இடித்து உருண்டது. அவளே எடுத்துக்கொண்டாள்.

"உங்களப் பாத்தா படிச்சவராத் தெரியுது," என்றாள். "ஒரு மனு எழுதித் தர்றீங்களா? ஆஸ்பத்திரி ஜீப்புக்கு மட்டும் வழி விடச் சொல்லி."

மனு! அதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். பதறிப்போய்ச் சட்டையில் பேனாவைத் தேடினார். அவள் உள்ளேயிருந்து காகிதம் கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து எழுதினார். அஞ்சு ஊர் பெயர், பத்தொன்பது கிலோமீட்டர், கட்டில், தலைப்பிரசவம். ஒரு சொல்கூட அலங்காரமாக வரவில்லை. வந்ததையும் அடித்தார்.

நான்கு ஆண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்குதுடா," என்றான் ஒருவன். "மணி அடிக்கறதுதான் சரியில்ல."

"அவ்வளவுதானே?" என்றார் இளவழுதி.

"இல்லீங்க. கீழ ஒரு எடம் விடணும்," என்றாள் மாதம்மாள். "இதோட ஏழாவது மனு. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுல திருப்பி அனுப்பறாங்க. யாரு கேட்டு இந்தத் தடை வந்துச்சோ அவங்க பேரை எழுதிட்டு வா, எதிராளி இல்லாம மனுவை வாங்க முடியாதுன்னு. அப்ப ஏதோ சங்கம்னாங்க. அந்தச் சங்கமே இப்ப இல்லியாம். எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பேனா நின்றது.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

ஆறு கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றார்.

"அட! அப்ப எழுதுங்க."

அவர் எழுதவில்லை. மாதம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேண்டியவருங்களா?"

"ரொம்ப."

அவள் மெதுவாகக் கையை நீட்டினாள்.

"அப்ப விடுங்க. வேண்டியவங்களுக்கு எதிரா எழுதச் சொல்றது தப்பு. குடுங்க, நாங்க வேற யாரையாவது விசாரிச்சு எழுதிக்கறோம்."

அவர் காகிதத்தைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றார். இடுக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. காகிதம் படபடத்தது. சுவரில் வைத்துப் பார்த்தார். கருங்கல், மேடும் பள்ளமும். முனை குத்தியது.

வேதவல்லி கல்லிலிருந்து எழுந்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அவர் முன்னால் வந்து, திரும்பி, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

அவளுடைய முதுகு அவர் முன்னால் மேசை போல இருந்தது.

"டீச்சர்..."

"அழுத்தி எழுதுங்க," என்றாள்.