தேஞ்ச நட்டு

கோயமுத்தூரு கணபதியில, வீட்டுக் கார் ஷெட்டுல இரும்பு கடையற ஒரு பழைய லேத் மெஷின் வெச்சு ஓட்டிட்டிருந்தா பூங்கொடி. எல்லாம் ஆசைக்குத்தான். ஆனா அது ஓடுற அழகு இருக்கே! இரும்பு வெண்ணெய் மாதிரி சுருள் சுருளா வரும். மெஷினுக்கு மேல சொவத்துல, குங்குமம் காஞ்சு ஒட்டுன ஒரு வெண்கலத் துண்டு ஆணியில தொங்கும். என்னன்னு கேட்டா சொல்லமாட்டா.

அவளுக்கு ஒரே சீடர், மாரப்பன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவளை விட ரொம்ப மூத்தவரு, ஆனாலும் "குருவே"ன்னுதான் கூப்பிடுவாரு. கிண்டலா ஆரம்பிச்சது, அப்படியே நெலைச்சுப்போச்சு.

அவரும் ஒரு லேத் வாங்குனாரு. வாங்குன கையோட ஒரு போல்ட் விடாம கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, பளபளன்னு பச்சைப் பெயிண்ட்டும் அடிச்சாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, இரும்பை வெட்டுற டூலை முன்ன பின்ன நகர்த்துற நட்டுல மரை தேஞ்சு போச்சுன்னு. புது நட்டு கடைஞ்சு எடுக்கணும்னா லேத் வேணும். லேத்தோ துண்டு துண்டா தரையில கெடக்குது!

"மரை கழண்டது மெஷினுக்கா, உங்களுக்கா?"ன்னாங்க வீட்டம்மா சரசு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். சொல்லியாச்சு."

மாரப்பன் குருகிட்ட ஓடுனாரு.

"உங்க மெஷின்ல ஒரே ஒரு நட்டு கடைஞ்சுக்கறனுங் குருவே."

"முடியாதுங்கண்ணா. பழைய நட்டு எங்க?"

"அது செத்துப்போச்சுங். டப்பாவுல கெடக்குது."

"எடுத்து மாட்டுங்க. மெஷினைச் சேத்துப் பூட்டுங்க. அதுலயே புது நட்டைக் கடைஞ்செடுங்க."

"கைப்பிடி அரை சுத்து சும்மா சுத்துதுங்! தேஞ்சது எப்படிங் தேயாததைச் செய்யும்?"

பூங்கொடி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுனா.

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கற பஸ்ஸு ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கனாவா!" மாரப்பன் நெஞ்சை நிமித்துனாரு. "வால்பாறை மலைப்பாதை பூரா அதுலதானுங். ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்ல."

"எப்படி ஓட்டுனீங்க?"

"ஆட்டம் இருந்தா என்னங்? ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சுக்கிட்டே..."

பேச்சு பாதியில நின்னுது. செருப்பைக் கூடப் போடாம வீட்டுக்கு ஓடுனாரு.

பழைய நட்டையே மாட்டி மெஷினைப் பூட்டுனாரு. அதுல கடைஞ்ச மொத நட்டு பாழ். நெனைப்பில்லாம கைப்பிடியைக் கொஞ்சூண்டு பின்னால திருப்பிட்டாரு. அடுத்ததுல உஷாரு. பின்னால போகணுமா, நல்லாப் பின்னால போயி, மறுபடி ஒரே பக்கமா இழுத்துப் புடிச்சு வந்தாரு. கொண்டை ஊசி வளைவுல வர்ற மாதிரி, மெதுவா, கூட்டம் நெறைஞ்ச பஸ்ஸோட.

ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரன் வண்டி வாசல்ல நின்னுது. மாரப்பன் சரசு கையை எடுத்து லேத் கைப்பிடி மேல வெச்சாரு. அவங்க இந்தப் பக்கம் சுத்துனாங்க. அந்தப் பக்கம் சுத்துனாங்க. துளி ஆட்டம் இல்ல.

"இந்த நட்டை எங்க வாங்குனீங்க?"

"இதே மெஷின்ல கடைஞ்சது."

சரசு வாசலுக்குப் போனாங்க. "வண்டியைத் திருப்புங்க தம்பி. இது ஓடுற மெஷினு!" தெருவுக்கே கேட்டுச்சு.

அன்னிக்கே பழைய நட்டைத் துணியில சுத்திக்கிட்டு குருகிட்ட வந்தாரு மாரப்பன்.

"வேலை முடிஞ்சுதுங் குருவே. இனி இதை என்ன பண்றது? எடைக்குப் போட்டுரலாமா?"

பூங்கொடி வாங்கிப் பாத்தா. உள்ளார வெரலை விட்டுத் தடவுனா. அவ கண்ணு சொவத்துக்குப் போச்சு. அவரு கண்ணும் கூடவே போச்சு. ஆணியில தொங்குன துண்டுக்குள்ள மரை இருந்துச்சு. மழமழன்னு தேஞ்ச மரை.

பூங்கொடி நட்டை அவரு கையில திருப்பிக் குடுத்தா.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க, சரசக்காவுக்குக் கையெட்டுற உயரத்துல ஒரு ஆணி அடிங்கண்ணா."