நாலு விரல் தூரம்

கோத்தகிரியில், மலைச்சரிவில் கட்டிய ஒரு வாடகை வீட்டின் குளியலறையில், ஒரு காலத்தில் ஒரு செம்புக் குழாய் இருந்தது. ஆள் உயரம் இருக்கும். அதன் மேல்முனையில் ஒரு வால்வு உண்டு. கீழ்முனையில் ஒன்றுமே கிடையாது. குழாய்க்கு இருந்த ஒரே மனக்குறை அதுதான்.

அதைப் பொருத்தியவன் யாக்கோபு என்கிற பிளம்பர். வாட்டர் ஹீட்டரை எப்படி வைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற விதிகளில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான். அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவனைக் கூப்பிட யோசனை. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போகிற ஹீட்டரை அவன் அரை நாள் மாட்டுவான். அன்றைக்கும் அப்படித்தான். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, எடை தாங்குகிற இடத்தில் ஹீட்டரைத் தொங்கவிட்டான். எர்த் ஒயரை இழுத்து முடுக்கினான். சூடோ அழுத்தமோ மிஞ்சிப் போனால் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வைப் பொருத்தினான். அந்த வால்விலிருந்து செம்புக் குழாயைக் கீழே இறக்கி, தரையில் இருந்த வடிகாலுக்கு நேர் மேலே, நாலு விரலை வைத்து அளந்து நிறுத்திவிட்டான்.

வீட்டுக்காரர் பெள்ளிராஜுக்கு அது கண்ணை உறுத்தியது. இன்னும் கொஞ்சம் இறக்கி வடிகாலுக்குள்ளேயே விட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்றார்.

"கூடாதுங்கண்ணா," என்றான் யாக்கோபு. "இதுல தண்ணி கொட்டுனா வீட்ல இருக்கறவங்க கண்ணுல படணும். உள்ள விட்டுட்டா யாருக்குத் தெரியும்? சாக்கடையும் ஏறி வந்து இதைத் தொட்டுடக் கூடாது. மூடி போடாதீங்க, டேப் வைக்காதீங்க. இது பாட்டுக்குத் திறந்தே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு, குளியலறைக் கதவில் தன் போன் நம்பரை எழுதிவிட்டுப் போய்விட்டான். திறந்து கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கென்ன தெரியும்? கிடந்து பார்த்தது குழாய்தான்.

அந்தக் குளியலறையில் மற்ற எல்லோருக்கும் தண்ணீர் துணை இருந்தது. பச்சைத் தண்ணீர்க் குழாய் தொட்டியிலிருந்து வரும்போதே ஊர்க்கதை கொண்டுவரும். வெந்நீர்க் குழாய்க்குக் காலையானால் பெருமை பிடிபடாது. ஹீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வயிறு நிறைய வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும் பண்ணையார் மாதிரி அது. செம்புக் குழாய்க்குள் மட்டும் காற்று. ஹீட்டர் சுடும்போது தண்ணீர் கொஞ்சம் உப்பும், அப்போது வால்வு இரண்டொரு சொட்டை இப்படி அனுப்பும். அந்தச் சொட்டும் உட்காராத விருந்தாளிபோல உள்ளே வந்த வேகத்தில் வெளியே போய்விடும்.

குழாயின் வாய் நேர் கீழே பார்த்திருந்ததால் அதன் கண்ணில் பட்டது ஒரே ஒரு முகம்தான். அது வடிகாலின் முகம்.

வடிகாலை யாரும் மதித்ததில்லை. முடியும் சோப்பு நுரையும் அழுக்கும் அதன் தலையில்தான் விழும். பேச்சுக் கொடுத்தால் நாற்றம் ஒட்டிவிடும் என்று மற்றக் குழாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொள்ள வசதியில்லாத செம்புக் குழாய் ஒருநாள் தயங்கித் தயங்கி, குளிர் அதிகம் இல்லையா என்று கேட்டது. தன்னிடம் யாரோ கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே வடிகாலுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆமாம், தரை இன்னும் குளிர் என்றது. அவ்வளவுதான், அதிலிருந்து இரண்டுக்கும் பேச்சு ஓயவில்லை. மழை பெய்தால் கீழே ஓடைச் சத்தம் கேட்கும் என்று வடிகால் சொல்லும். மேலே ஹீட்டர் எப்படியெல்லாம் அலட்டிக்கொள்கிறது என்று குழாய் சொல்லும். வடிகால் சிரித்தால் அதன் வாயிலிருக்கும் தண்ணீர் லேசாக ஆடும். அதைப் பார்ப்பதற்காகவே குழாய் கதை கட்டிவிட ஆரம்பித்தது.

பழக்கம் வளர வளர அந்த நாலு விரல் குழாய்க்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தொட முடியவில்லை என்றால் அது என்ன இருப்பு என்று வால்விடம் புலம்பியது.

"அந்த நாலு விரல்தான் உன் உத்தியோகம்," என்றது வால்வு. அது எதையும் சுற்றி வளைத்துப் பேசாது.

"ஒன்றும் இல்லாமல் இருப்பது ஒரு உத்தியோகமா?"

"இந்த வீட்டில் அதைச் செய்ய வேறு யாரும் இல்லை," என்று சொல்லி வால்வு மூடிக்கொண்டது.

சில வருஷம் கழித்து அந்த வீட்டுக்குக் குடிவந்தவள் வனமாலா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. பேச ஆளில்லாத வீட்டில் எந்தச் சத்தமும் பெரிய சத்தம்தான். சாயங்காலம் வந்து ஹீட்டரைப் போட்டுவிட்டு அவள் டீயோடு உட்கார்ந்தால், குளியலறையிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்கும். கொஞ்சம் நிற்கும், பிறகு இன்னொன்று விழும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பெள்ளிராஜிடம் சொன்னாள்.

பெள்ளிராஜ் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கையில் ஒரு துண்டு ஹோஸ் கிடைத்துவிட்டால் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பச்சை ஹோஸில் ஒரு சாண் வெட்டி, ஒரு முனையைச் செம்புக் குழாயில் ஏற்றினார். மறுமுனையை வடிகாலுக்குள் இறக்கி, சுற்றிலும் ஒயிட் சிமெண்டைக் குழைத்து அப்பினார். குளிக்கிற தண்ணீர் போவதற்கு மட்டும் ஓரத்தில் ஒரு கீறல் விட்டார். "இனிமே சத்தமே வராது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

குழாய்க்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஹோஸ் வழுக்கிவிடாதபடி தன் முனையால் இறுக்கிக் கவ்விக்கொண்டது. முதல் சொட்டு வந்தபோது அது கீழே விழவில்லை, தன்னிலிருந்து வடிகாலுக்குள் அப்படியே இறங்கியது. இனி எனக்கும் ஒருவர் இருக்கிறார் என்று குழாய் எல்லோரிடமும் சொன்னது. யாரும் வாழ்த்தவில்லை. அது கவலைப்படவும் இல்லை.

சில நாட்களில் வடிகாலின் நாற்றம் ஹோஸ் வழியே ஏறி வந்தது. குழாய் அதைப் பொறுத்துக்கொண்டது. பிறகு சோப்புச் சகதி ஏறியது, உதிர்ந்த முடி ஏறியது. அதையும் சகித்தது. ஆனால் ஒன்றை மட்டும் அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நாலு விரல் தூரத்தில் இருந்தபோது வடிகாலின் முகம் தெரிந்தது. இப்போது எதிரே ஹோஸின் இருட்டு மட்டும்தான். கதை சொன்னால் பதில் வருவதில்லை. வந்தாலும் சகதிக்குள் அமுங்கி, என்ன வார்த்தை என்றே புரிவதில்லை. முன்பு இருந்த தனிமையில் ஒரு எதிர்பார்ப்பாவது இருந்தது. சேர்ந்த பிறகு வந்த இந்தத் தனிமைக்கு என்ன செய்வதென்று குழாய்க்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஹீட்டருக்குள் ஒரு கோளாறு. போதுமான சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட், வயதாகித் தன் இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹீட்டர் நிறுத்தத் தெரியாமல் சுட்டது. வால்வு தன் வேலையை விடாமல் செய்தது. சொட்டு ஒழுக்காயிற்று, ஒழுக்கு ஓட்டமாயிற்று. வெளியே கொட்டியிருந்தால் ஆவியையும் தண்ணீரையும் பார்த்து வனமாலா அன்றைக்கே போனை எடுத்திருப்பாள். அத்தனையும் பச்சை ஹோஸுக்குள் மறைந்து போனது. தண்ணீர் ரொம்பச் சூடாக வருகிறதே என்று மட்டும் நினைத்து, பச்சைத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் கலந்து குளித்தாள். மலைக்குளிருக்கு அது அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஹீட்டரைப் போட்டுவிட்டு, துணி காயப்போட வெளியே போனாள். போன இடத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஹீட்டரின் வயிற்றில் உறுமல் கேட்டது. வால்வு திறந்தது. கொதிக்கிற தண்ணீர் செம்புக் குழாய்க்குள் பாய்ந்தது, ஆனால் கீழே போகவில்லை. சூட்டில் குழைந்த ஹோஸ் மடிந்து, அதற்கும் கீழே சகதி அடைத்துக் கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகக் குழாய் நிறைந்தது. இத்தனை நாள் எதற்கு ஏங்கியதோ அது கிடைத்தது. அதன் உடம்பெல்லாம் எரிந்தது.

"வழி விடு," என்றது வால்வு.

"வழியில்லை."

"நீதான் வழி. உன்னைத் தவிர வேறு வழி இங்கே வைக்கவே இல்லை."

பண்ணையார் ஹீட்டர் முதன்முதலாகக் கெஞ்சியது. தையல் பிரிகிறது, என்னால் இதற்கு மேல் தாங்க முடியாது, நான் வெடித்தால் இந்தச் சுவரே இருக்காது என்றது. அப்போது வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலி வாளியோடு வனமாலா குளியலறையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

குழாய் நினைத்தால் செய்யக்கூடியது ஒன்றுதான். ஹோஸை எந்தக் கிளிப்பும் பிடித்திருக்கவில்லை. குழாய் கவ்விக்கொண்டிருந்த பிடிதான் அதைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை விட்டால் வடிகாலையும் விட்டதாகிவிடும். கொதிநீர் நேராக அதன் முகத்திலேயே கொட்டும்.

"விட்டுவிடட்டுமா?" என்று கீழ்நோக்கிக் கேட்டது.

பதில் வரவில்லை. மறுபடி கேட்டது. சகதிக்குள் ஏதோ அசைந்தது, சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. வனமாலாவின் செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. இனி யாரைக் கேட்பது? குழாய் தனியாகவே முடிவெடுத்தது. பிடியை விட்டது.

ஹோஸ் பிய்த்துக்கொண்டு சுவரில் அடித்தது. ஆவியும் கொதிநீரும் நேர் கீழே இரைச்சலோடு கொட்டின. கதவைத் திறந்த வனமாலா வாளியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். வெளிச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். பெள்ளிராஜுக்கும் முன்னால் யாக்கோபுக்குப் போன் செய்தாள்.

யாக்கோபு வந்து பார்த்தான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். வால்வைச் சோதித்தான். ஒயிட் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்து, ஹோஸை உருவி வெளியே எறிந்தான். குழாயின் முனை சகதி பிடித்து அரித்துப் போயிருந்ததால் ஒரு விரல் அளவு அறுத்துவிட்டான். நாலு விரல் தூரம் ஐந்து விரலாயிற்று.

அவன் கிளம்பும்போது வனமாலா தயங்கிக்கொண்டே அந்தச் சொட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். "வேலை விட்டு வந்தா வீட்ல அது மட்டும்தாங்க இருக்கு. அதைக் கேட்டாதான் நான் தனியா இருக்கேன்னே ஞாபகம் வருது."

யாக்கோபுக்கு இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"சொட்டுச் சொட்டா விழுந்தா வீடு நல்லா இருக்குன்னு அர்த்தங்க மேடம்," என்றான் கடைசியில். "நிக்காம ஓடுனா என்னைக் கூப்பிடுங்க. எப்ப வேணாலும் கூப்பிடுங்க."

அவன் போன பிறகு வனமாலா குளியலறைக் கதவைச் சாத்தாமல் வந்து உட்கார்ந்தாள்.

உள்ளே குழாய்க்குக் கீழே பார்க்கவே தைரியம் வரவில்லை. வடிகாலின் விளிம்பு வெந்து வெளுத்திருந்தது, உளி பட்ட இடங்கள் பெயர்ந்திருந்தன. மூன்று நாள் இரண்டும் பேசவில்லை. நான்காம் நாள் குழாய் தானே ஆரம்பித்தது. உன்னைக் கேட்டேன், பதில் வரவில்லை, அவள் வாசலில் நின்றாள், அதனால் விட்டுவிட்டேன் என்றது. சுட்டுவிட்டேனே என்றது. பிறகு, அடக்க முடியாமல், மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டது.

"நாம் சேர்ந்திருந்ததை நானே முடித்துவிட்டேன்."

"நாம் எப்போது சேர்ந்திருந்தோம்?" என்றது வடிகால்.

வால்விலிருந்து ஒரு சொட்டு இறங்கி வந்து இரண்டுக்கும் நடுவே விழுந்தது.

"உள்ளே கிடந்தேனே, எனக்குத் தெரியாதா? என்னைத் தொட்டுக்கொண்டிருந்தது ஹோஸ்," என்றது வடிகால். அதன் வாயிலிருந்த தண்ணீர் லேசாக ஆடியது. "என்னோடு பேசியது நீ."