ருசி பாராத குழம்பு

மலையடிவாரத்து மடத்தில் வெள்ளிக்கிழமைச் சமையல் பூங்கோதையின் பொறுப்பு. மடம் என்றதும் மண்டபம், யானை, பல்லக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுக்கூரை, ஒரு முருகன் சன்னிதி, பின்னால் ஒரு அடுக்களை, அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவள் அருளம்மை. பூங்கோதையைவிட வயதில் இளையவள். சிஷ்யை குருவை "சாமி" என்பாள், குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். புதிதாக வருகிறவர்கள்தான் முழிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அந்த அடுக்களையில் ஒரு வழக்கம் உண்டு. சன்னிதியில் படைத்து முடிக்கும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. உப்பு பார்ப்பது, புளிப்பு பார்ப்பது எதுவும் கிடையாது. கைக்குத் தெரிந்த அளவில் போட்டு, மூக்குக்கு எட்டிய வாசத்தில் இறக்கிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் பூங்கோதை ஒருநாளும் தவறியதில்லை.

அன்றைக்குத் தவறினாள்.

புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, நக்கிவிட்டாள். நக்கின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஐயோ முருகா என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அருளம்மை நிற்கிறாள்.

"தெரியாம பண்ணிட்டேன் சாமி. வீட்டுல வந்த பழக்கம்."

"வீட்டுல எப்பலேருந்து?"

பூங்கோதை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். முற்றத்து வேப்பமரத்தடியில் அவள் மகள் மீனலோசனி உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு போட்டு இறுக்கியிருந்தது. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, உதடு அசைய நாடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எதைத் தின்னாலும் பயம் சாமி," என்றாள் பூங்கோதை. "சோத்துல ஏதோ இருக்கு, தொண்டை அடைச்சிரும், நெஞ்சு நின்னுரும்னு. நான் முதல்ல ருசி பாக்கணும். பாத்துட்டு, 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லணும். ஆரம்பத்துல ஒரு தடவை சொன்னாப் போதும். இப்ப ஒவ்வொரு உருண்டைக்கும் சொல்லணும். சொல்ற குரல் கொஞ்சம் மாறினாலும் திரும்ப முதல்லேருந்து சொல்லணும். தண்ணிக்கும் அப்படித்தான். மாத்திரைக்கும் அப்படித்தான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நெஞ்சு டாக்டர் பாத்தாச்சு, வயித்து டாக்டர் பாத்தாச்சு. உடம்புல ஒண்ணும் இல்ல. இப்ப மனசு டாக்டரம்மாகிட்ட போறோம். நல்லாத்தான் பாக்கறாங்க. மருந்து குடுக்கறாங்க, அவகிட்ட உக்காந்து பேசறாங்க. ஆனா எனக்கு ஒண்ணு சொல்றாங்க பாருங்க, அதுதான் என்னால முடியல."

"என்ன சொல்றாங்க?"

"ருசி பாத்துக் காட்டாதீங்க, பதில் சொல்லாதீங்க, பக்கத்துல மட்டும் இருங்கன்னு. புள்ள கண்ணுல தண்ணியோட கேக்குது. வாயை மூடிக்கிட்டு இருன்னா? கல்நெஞ்சுக்காரிக்குத்தான் அது முடியும்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எடை குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேத்துருவாங்களாம் சாமி. மூக்கு வழியா குழாய் விடுவாங்களாம். நீங்க சொல்லுங்க. அவ கேக்கறப்ப நான் என்ன சொல்லட்டும்?"

இதற்காகத்தான் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாமி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று நினைத்தாள். பாவம், வேறு எங்கே போவாள்?

அருளம்மை அடுப்பைப் பார்த்தாள்.

"இதைத் தனியா இறக்கி வைங்கக்கா. வேற குழம்பு வைங்க. பசியோட ஆளுங்க வந்திருக்காங்க."

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. நான் என் வீட்டில் தீப்பிடித்த கதையைச் சொல்கிறேன், இவள் குழம்பு வை என்கிறாளே! ஆனாலும் குரு சொல்லிவிட்டாள். மறுபடி புளியைக் கரைத்தாள். கத்தரிக்காய் நறுக்கினாள். அருளம்மை பலகையைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

குழம்பு கொதி வந்ததும் பூங்கோதை உப்பை அள்ளிப் போட்டாள்.

"உப்பு சரியா இருக்குமாக்கா?" என்றாள் அருளம்மை.

"இருக்கும் சாமி."

"நிச்சயமா?"

"என் கைக்குத் தெரியாதா? இருக்கும்."

"கூடிப் போயிருந்தா?"

"கூடாது சாமி."

"போன தடவை போட்ட அளவுதானா?"

"அதே அளவுதான்."

"கத்தரிக்காய் இன்னிக்கு நிறைய போட்டீங்களே?"

பூங்கோதை கரண்டியைப் பார்த்தாள். ஆமாம், நிறையத்தான் போட்டிருந்தாள். இன்னும் ஒரு சிட்டிகை போடலாமா என்று கை உப்புச் சட்டிக்குப் போனது. போட்டால் கரித்துவிட்டால்? கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நிச்சயமா சரியா இருக்குமாக்கா?"

"சாமி, நீங்க இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா நான் என்ன செய்வேன்? இருங்க, ஒரு சொட்டு..."

கரண்டி பாதி தூரம் வாய்க்கு வந்துவிட்டது. சட்டென்று நிறுத்தினாள். முகம் சிவந்துபோயிற்று.

அருளம்மை சிரிக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"இத்தனை வருஷம் எப்படிக்கா இறக்கினீங்க?"

"எப்படின்னா?"

"ருசி பாக்காம."

பூங்கோதை யோசித்தாள். யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"உண்மையச் சொன்னா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயந்துகிட்டேதான் சாமி இறக்குவேன். அத்தனை பேர் சாப்பிடணுமே. பந்தி முடியறவரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும்."

"சரி. இறக்குங்க."

பூங்கோதை துணியைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கினாள். நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

சன்னிதியில் படைத்து, தீபாராதனை முடிந்து, பந்தி போட்டார்கள். கூட்டம் அதிகமில்லை. லாரி ஓட்டும் துரைப்பழமும் அவர் மனைவியும், மலைக்கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு குடும்பம், அப்புறம் இவர்கள். அருளம்மை, பூங்கோதையைத் தனக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பூங்கோதைக்கு அந்தப் பக்கம் மீனலோசனி. இலை விழுந்தது, சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது.

துரைப்பழம் முதல் கவளத்தை வாயில் போட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி தாயி," என்றார். இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்துகொண்டு, அடுத்த கவளத்துக்குப் போனார்.

பூங்கோதை கூனிக்குறுகிப் போனாள். ஓரக்கண்ணால் பார்த்தால், அருளம்மையும் கிள்ளிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவர் இரண்டாம் தடவைகூடக் குழம்பு கேட்டார்.

"அம்மா," என்றாள் மீனலோசனி மெதுவாக. "ருசி பாரு."

பூங்கோதையின் கை தானாகவே மகளின் இலைக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பித் தன் இலைக்கே வந்தது.

"நீ சாப்பிடு தாயி."

"பாரும்மா. பாத்துட்டுச் சொல்லு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

நாக்கு நுனியில் நின்றது அந்த வார்த்தை. எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை! சொன்னால் மகளின் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவு அடுத்த உருண்டைவரைக்கும் நிற்கும்.

"பயமா இருக்கா தாயி?" என்றாள்.

"ஆமா."

"தெரியுது. நான் இங்கேயேதான் இருக்கேன்."

"அதைக் கேக்கல! ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு!"

பூங்கோதை சொல்லவில்லை.

மீனலோசனி முதலில் கெஞ்சினாள். பிறகு கையைக் கிள்ளினாள். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி, "நீ என் அம்மாவே இல்ல! நான் சாகணும்னு நினைக்கிற!" என்று கத்தினாள். பூங்கோதைக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பெற்ற பிள்ளை வாயால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேதனையை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். துரைப்பழம் மோர்ச்சோறும் முடித்து, இலையை மடக்கப் போனார். மனைவி அவர் முழங்காலைத் தட்டினாள். பந்தியில் ஒரு இலையில் சோறு இருக்கும்போது மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதை இல்லை. அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், அருளம்மையைப் பார்த்தார். அருளம்மை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சம்மணம் போட்டபடி, எச்சில் கையை இலை மேல் வைத்துக்கொண்டு, இன்னும் நேரம் நிறைய இருக்கிறது என்பது போல உட்கார்ந்திருந்தாள். துரைப்பழமும் மடக்கப் போன இலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மலைக்குப் போன குடும்பமும் உட்கார்ந்தே இருந்தது. யாரும் அந்தப் பிள்ளையை அதட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கைகள் காய்ந்தன.

அழுகை கத்தலில் இருந்து விம்மலுக்கு இறங்கியது. விம்மலும் இடைவெளி விட்டு வந்தது. மீனலோசனி மூக்கை உறிஞ்சினாள். இலையைப் பார்த்தாள். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை பிடித்தாள். வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிரண்ட கண்ணோடு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, முழுங்கப் போறேன். ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை சொல்லிரும்மா."

பூங்கோதைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அருளம்மையின் பக்கம் திரும்பினாள். கண்ணீர் இலையிலேயே விழுந்தது.

"சாமி, ஒரே ஒரு தடவை சொல்லிரட்டுமா? இன்னிக்கு மட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டாளே. நான் செய்யறது சரிதானே சாமி? இவ சரியாயிருவாதானே? அதையாவது சொல்லுங்க. நீங்க சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

அருளம்மை அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கண்டிப்பு இல்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"நான் இன்னும் எந்திரிக்கலைக்கா," என்றாள்.

மகள் தன்னிடம் கேட்டதைத்தான் தானும் சாமியிடம் கேட்டிருக்கிறோம் என்று பூங்கோதைக்கு உறைத்தது. பிறகு மகளின் பக்கம் திரும்பி, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.