குருவுக்குப் பல் விளக்கியவர்

மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் சடையப்பனோ எழுபதைத் தொட்டவர். ஆனாலும் குருவுக்கு முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அன்று காலை ஒரு துணிப்பையோடு வந்தார். ஆத்மா, கர்மா என்று ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறார் என்று பார்த்தால், பைக்குள்ளிருந்து இரண்டு பிரஷ்களை எடுத்து வைத்தார். ஒன்று புதிதாக வாங்கிய சாதாரணப் பல் பிரஷ். இன்னொன்று மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கரண்ட் பிரஷ்.

“எது நல்லது சாமி? நீங்கதான் சொல்லணும்.”

“உங்களுக்கா அய்யா?”

“தெய்வானைக்கு.”

தெய்வானை அவர் மனைவி. சித்திரை மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அன்று முதல் அவளுக்குப் பல் விளக்கி விடுவது சடையப்பன்தான். மனிதர் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் பிரஷைக் கண்டாலே அவள் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஈறு வீங்கிப்போய், கஞ்சி குடிக்கக்கூட அழுகிறாள்.

“டாக்டர் எதுனாலும் சரிங்கிறார், சுத்தமா இருந்தா போதுமாம். மகன் இதுதான்ங்கிறான். மருமக அதுதான்ங்கிறா. நான் எதைக் கொண்டுபோனாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட எதையும் மறைக்காதவ. என்னைப் பார்த்து வாயை மூடிக்கிறா சாமி.”

குரு எழுந்து கிணற்றடிக்குப் போனார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“எனக்கு விளக்கி விடுங்க. ரெண்டாலயும்.”

சடையப்பன் ஆடிப்போனார். “உங்களுக்கா! நானா?”

“விளக்கிப் பார்க்காம எப்படி அய்யா சொல்றது?”

கரண்ட் பிரஷுக்குப் புதுத் தலையை மாட்டி, பேஸ்ட் வைத்தார். வாய்க்குள் வைப்பதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டார். பேஸ்ட் தெறித்து குருவின் தாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

“அய்யய்யோ! மன்னிச்சுக்குங்க சாமி, என் தப்பு.” துண்டை எடுத்துத் துடைத்தார்.

குரு சிரித்தார். “வீட்டுலயும் இப்படித் தெறிச்சுதா?”

“தெறிச்சுது சாமி. அவ தலையை ஆட்டிட்டா.”

அப்புறம் ஒழுங்காகத் தொடங்கினார். தாடையை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, பல் பல்லாக, பதமாக விளக்கினார். பாதியில் குரு ஏதோ சொன்னார். நுரைக்குள்ளிருந்து வந்தது சொல்லா முனகலா என்றே தெரியவில்லை. சடையப்பன் சட்டென்று பிரஷை எடுத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார்.

“என்ன சாமி? மெதுவா சொல்லுங்க. அவசரமே இல்ல.”

குரு மறுபடியும் முனகினார். புரியவில்லை. சடையப்பன் குனிந்தபடியே நின்றார். நுரை அவர் தோளில் வழிந்தது, அதைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் விளங்கியது: கடைவாய்ப் பக்கம் கூசுகிறதாம்.

“ஆகட்டும் சாமி, அங்க லேசா தொடறேன்.”

அதேபோல் கை பிரஷாலும் விளக்கி விட்டார். குரு வாய் கொப்பளித்து முடிக்கும்வரை செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்பச் சொல்லுங்க. எது உங்களுக்கு இதமா இருந்துச்சு?”

“இதை அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“தெய்வானைகிட்டயா?” சடையப்பன் திகைத்தார். “அவ சொல்லி முடிக்க ஒரு யுகம் ஆகுமே சாமி. அதுக்குள்ள விளக்கியே முடிச்சிடலாம்.”

குரு செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

“எனக்கும் வாய் நிறைய நுரைதானே அய்யா இருந்துச்சு. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நின்னீங்களே.”