எருமை தூங்கியதாகச் சொன்ன பட்டை

காட்டின் நடுவே ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. ஐப்பசி மழை வருவதற்குள் அதை அடைத்துக் கரையை உயர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் கரைக்குக் கீழே வளை தோண்டி வாழும் பிராணிகள் எல்லாம் வெள்ளத்தில் போய்விடும்.

கரடிதான் மேஸ்திரி. காட்டுப்பன்றி மண் தோண்டியது. முயல் அந்த மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டியது. எருமைக்குத்தான் கஷ்டமான வேலை. விரிசல் விழுந்த இடத்தில் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து நாள் முழுவதும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அது தண்ணீரைத் தடுத்தால்தான் போட்ட மண் கரையாமல் நிற்கும்.

ஒருநாள் குரங்கு துள்ளிக்கொண்டு வந்தது. மலைப்பாதையில் யாரோ தவறவிட்ட பையிலிருந்து கைக்கடிகாரம் போன்ற மூன்று பட்டைகளை எடுத்து வந்திருந்தது.

“மேஸ்திரி அண்ணே! மனிதர்கள் இதைக் கையில் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள், வேலையும் செய்கிறார்கள். எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எல்லாம் இது சொல்லும்!”

“நமக்கு எண் படிக்கத் தெரியாதே!”

“எனக்குத் தெரியும்! பள்ளிக்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்திருக்கிறேன்!”

பன்றி, முயல், எருமை மூன்றின் காலிலும் பட்டை ஏறியது.

மறுநாளே பன்றியின் பட்டை ‘கீக் கீக்’ என்று கத்தியது. அதில் சிவப்பாக ஓர் இதயம் மின்னியது.

“அண்ணே! சும்மா நிற்கும்போதே இதற்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது!” என்றது குரங்கு.

கரடி பன்றியைத் தொட்டுப் பார்த்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. குளம்பின் இடுக்கில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது.

“சின்ன முள்தானே என்று விட்டுவிட்டேன்” என்று முனகியது பன்றி.

கரடியும் குரங்கும் முள்ளை எடுத்து, பச்சிலை வைத்துக் கட்டின. மூன்று நாளில் பன்றி தேறிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காலே போயிருக்கும்!

அன்றிலிருந்து கரடிக்குப் பட்டை சொன்னதுதான் வேதம். ஒவ்வொரு சாயங்காலமும் குரங்கு எண்ணைப் படிக்கும். கரடி தலையாட்டிக் கேட்கும்.

“முயல் ஒன்பதாயிரம் அடி!”

“சபாஷ், முயல் தம்பி!”

“எருமை... முப்பத்திரண்டு அடி. கூடவே ஒரு நிலாப் படம் இருக்கிறது.”

“நிலாவா? அப்படியென்றால்?”

“தூங்கியதாக அர்த்தம், அண்ணே.”

கரடியின் முகம் கறுத்தது. “என்ன எருமையக்கா இது?”

“நான் தூங்கவில்லை, மேஸ்திரி!”

“பன்றியின் காய்ச்சலைச் சரியாகச் சொன்ன பட்டை உன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லுமா?”

அன்று இரவு முழுவதும் எருமைக்கு ஒரே குழப்பம். ‘முதுகு இப்படி வலிக்கிறதே! தூங்கியிருந்தால் வலிக்குமா? இல்லை, வலிப்பது போலக் கனவு கண்டேனோ?’

மறுநாள் அது தண்ணீருக்குள் படுத்தபடியே காலை உதறிக்கொண்டிருந்தது. எண் இருநூறு ஆனது. ஆனால் உதறிய உதறலில் பக்கத்து மண் சரிந்து விழுந்தது.

“இன்றைக்குப் பரவாயில்லை!” என்று கரடி சிரித்தது.

எருமை இன்னும் குழம்பியது. ‘கரை சரிகிறது, மேஸ்திரி சிரிக்கிறார். நான் செய்தது நல்லதா, கெட்டதா?’

முயலுக்கோ வேறு கதை. கூடை கனத்தால் அடி குறைவதை அது கண்டுகொண்டது. அரைக்கூடை சுமந்தது. பிறகு கால்கூடை. கடைசியில் வெறும் கூடையோடு கரையில் மேலும் கீழும் குதித்து ஓடியது. எண் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது!

கரடி கரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தது. “எல்லோரும் இவ்வளவு நடந்தும் கரை ஏன் உயரவில்லை?”

“அதுதான் எனக்கும் புரியவில்லை, அண்ணே! எண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது!” என்றது குரங்கு.

அப்போது வானம் இருட்டியது. மழை கொட்டத் தொடங்கியது. கரடிக்குப் பதற்றம் வந்தது.

“எருமையக்கா, எழுந்திரு! மற்றவர்களைப் போல நீயும் ஓடியாடி வேலை செய்!”

“நான் எழுந்தால் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்துவிடுமே!”

“தூங்குகிறவர் எங்கேயாவது தண்ணீரைத் தடுக்க முடியுமா?”

அது சரி போலவும் இருந்தது, தப்பு போலவும் இருந்தது. எருமை எழுந்தது.

அவ்வளவுதான்! விரிசல் வாயைப் பிளந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு கீழே பாய்ந்தது.

“ஐயோ, என் குட்டிகள்!” என்று அலறியது முயல். அதன் வளைதான் முதலில் இருந்தது. முயலும் குரங்கும் தாவி ஓடி ஒவ்வொரு குட்டியாக வெளியே இழுத்தன. நான்காவது குட்டி அசைவே இல்லாமல் வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அது தும்மியது.

இங்கே எருமை யாரையும் கேட்கவில்லை. உடைப்பில் இறங்கி மறுபடியும் முதுகைக் கொடுத்துப் படுத்துவிட்டது. பன்றி வெறி பிடித்தது போல மண்ணைத் தள்ளியது. ஈரக்குட்டிகளை மேட்டில் விட்டுவிட்டு முயலும் ஓடி வந்து கூடை நிறைய மண் சுமந்தது.

திடீரென்று எருமையின் பட்டை கத்தியது.

“அண்ணே, சிவப்பு! நெஞ்சு கண்டபடி அடிக்கிறது!” என்று கூவியது குரங்கு.

கரடி திகைத்து நின்றது. இதே இடத்தில், இதே மாதிரி எருமை படுத்திருந்தபோது பட்டை தூக்கம் என்றது. இப்போது ஆபத்து என்கிறது. எதை நம்புவது? கரடி தண்ணீரில் இறங்கி எருமையின் முகத்தருகே குனிந்தது.

“எருமையக்கா, உனக்கு எப்படி இருக்கிறது?”

இத்தனை நாளில் கரடி அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“மூச்சு முட்டுகிறது, மேஸ்திரி. இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்விட்டது. இன்னும் இரண்டு கூடை மண் விழும்வரை தாங்குவேன். அதற்குமேல் முடியாது.”

இரண்டு கூடை விழுந்ததும் எருமை நகர, அந்த இடத்தில் கரடி படுத்தது. தண்ணீர் அதன் முதுகில் இடித்தது. சற்று நேரத்திலேயே எலும்பெல்லாம் நொறுங்குவது போலிருந்தது. ஆனாலும் அது அசையவில்லை. பொழுது சாயும்போது உடைப்பு அடைபட்டது.

“இந்தப் பட்டைகளைக் குளத்தில் எறிந்துவிடட்டுமா?” என்று கேட்டது குரங்கு.

“வேண்டாம். பன்றியின் காலைக் காப்பாற்றியதும் இதுதானே! ஆனால் இனிமேல் முதலில் ஆளைக் கேட்போம், பிறகு பட்டையைப் பார்ப்போம்” என்றது கரடி, முதுகைப் பிடித்துக்கொண்டு.

எருமை மெல்லத் தலையைத் தூக்கியது. “மேஸ்திரி... நிஜமாகவே நான் தூங்கவில்லைதானே?”

“இல்லை, அக்கா. இத்தனை நாளும் தூங்கியது நான்தான்!”

கருவி சொல்வதைக் கேட்கலாம். ஆனால் உழைப்பவரைக் கேட்காமல் அவர் உழைப்பை அளந்துவிடக் கூடாது.