தோராவை நிறுத்தியவன்

"இன்றைக்கு இங்கே யாரும் தோரா வாசிக்கக் கூடாது" என்றான் கல்மன்.

ஜெபஆலயத்தின் நடுவில், தோரா என்னும் வேதச் சுருளை விரித்து வைக்கும் மேடையில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் பலகைமேல் ஊன்றிக்கொண்டு சொன்னான்.

அந்த ஊர் யூதர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அநியாயத்துக்கு ஆளான ஒருவனுக்கு எங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், ஓய்வுநாள் காலையில் எழுந்து வாசிப்பை நிறுத்தலாம். அவன் குறைக்கு ஒரு வழி பிறக்கும்வரை சுருளைத் திறக்க முடியாது. எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போன வருஷம் ஒரு விதவை தன் மைத்துனனை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தாள்.

கல்மனுக்கு ஐம்பத்தைந்து வயது. கூரை வேய்கிறவன். ஒரே மகள் ரைட்சல், பன்னிரண்டு வயது, தொண்டை அடைத்து மூச்சுக்குத் திணறித் திணறி அவன் மடியிலேயே செத்துப்போனாள். ஐம்பது நாள் ஆகிறது. அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்று காலை புறப்படும்போது மனைவி ஹிந்தேயிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்: இன்று பதில் வரவில்லை என்றால் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜெபஆலயத்தின் குருவான ரபி பெசலேல் எழுந்து வந்தார். கல்மனைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் கல்மன் அவரிடம்தான் பாடம் கேட்டு வந்தான்.

"யார்மேல் வழக்கு?"

"ஆண்டவர்மேல்."

கூட்டம் கொந்தளித்தது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மாவு மில் முதலாளி லைபிஷ் மட்டும் மெள்ள மேடைப் பக்கம் வந்து, எல்லாம் அவர் சித்தம், நல்ல ஆத்மாக்களை அவர் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார் என்று ஆரம்பித்தார். ஆறு பிள்ளைகளும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனிதருக்கு இதைச் சொல்ல என்ன கஷ்டம்?

ரபியின் முகம் சிவந்துவிட்டது.

"அவர் உங்களை வக்கீலாக வைத்துக்கொண்டாரா?"

"இல்லை, நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்..."

"வக்கீல் இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்."

லைபிஷ் உட்கார்ந்தார்.

வாசிப்பதற்காக எடுத்து வைத்திருந்த சுருளுக்கு ரபி உறை போட்டு மூடினார். வழக்கை ஏற்றுக்கொண்டதாகவும், பிரதிவாதி பதில் சொல்லும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்றும் அறிவித்துவிட்டு, மேடைப் படியில் போய் உட்கார்ந்தார்.

காத்திருந்தார்கள்.

கல்மன் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார்கள், வேத வசனம் சொல்லி மடக்குவார்கள், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்து வந்தவன் அவன். தள்ளியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான்.

உச்சிப் பொழுது ஆயிற்று. ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது என்பதால் ரொட்டிக்கடை அடுப்பில் முந்தின நாளே வைத்த குழம்பு எல்லோருக்கும் நினைவு வந்தது. சாப்பிடுகிறவர்கள் போய்விட்டு வரலாம் என்றார் ரபி. போய்விட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

கல்மனின் கோபம் தணியவில்லை. கூரையைப் பார்த்துக் கேட்டான்.

"ஒரு பச்சைப் பிள்ளையோடு உமக்கு என்ன விரோதம்? ஒரு வாய்க் காற்று. அதைக்கூடக் கொடுக்க மனசில்லையா உமக்கு?"

பதில் இல்லை. மேற்கு ஜன்னலில் வெயில் வந்துவிட்டது. அவன் இறங்கி வந்து ரபியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம் காத்திருப்பது?"

"தெரியாது. நான் நான்கு வருஷமாகக் காத்திருக்கிறேன்."

கல்மனுக்குச் சுருக்கென்றது. ரபியின் இரண்டு பையன்களையும் ஒரே வாரத்தில் அம்மை கொண்டுபோனது ஊருக்கே தெரியும். சின்னவனின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கல்மனும் ஒருவன். அடுத்த ஓய்வுநாளே ரபி இதே மேடையில் ஓர் எழுத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தார். ஊரே அதை மெச்சியது. கல்மனும்தான் மெச்சினான்.

"நீங்கள் ஏன் அன்றைக்கு வாசிப்பை நிறுத்தவில்லை?"



"நிறுத்தி, பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது."

"பதில் வரவில்லையே, ரபி."

"வரவில்லை."

அப்போது கல்மனுக்கு வந்த கோபம் அவனுக்கே புதிதாக இருந்தது. ரைட்சலுக்காக மட்டும் வந்த கோபம் இல்லை அது. இந்த மனுஷன் நான்கு வருஷமாக வாயைத் திறக்காமல், வாராவாரம் இங்கே நின்று ஆண்டவரைத் துதித்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். மேடை ஏறி, சுருளின் உறையைத் தானே கழற்றினான்.

"வாசியுங்கள்."

"உங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா?"

"இல்லை. நான் விடுவதாகவும் இல்லை. ஆனால் இந்த வாரத்து வாசிப்பை முடித்தால்தானே அடுத்த வாரம் நிறுத்த முடியும்?"

"அடுத்த வாரமும் நீங்கள் இதையேதான் கேட்கப்போகிறீர்களா?"

"அடுத்த வாரம் உங்கள் வழக்கு" என்றான் கல்மன்.