மகன்கள் சொன்ன பதில்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

சீடர் ஆவுடையப்பன், மாவட்டக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் தலைமையாசிரியருக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேள்வி கேட்டே பழகிய மனிதர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், முதியோர் ஆய்வுத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். நெறியாளராக வாய்த்த செண்பகவல்லிக்கு அவருடைய மகள் வயதுதான். பாளையங்கோட்டையில் அவர் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வின் தலைப்பு, 'இறுதிக்காலப் பராமரிப்பில் முதியோரின் விருப்பங்கள்'.

அன்று மதியம் ஆவுடையப்பன் துறைக்குள் வந்தபோது சட்டை முழுக்கக் கஞ்சி. உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

"டம்ளரத் தூக்கி எறிஞ்சிட்டாரு மேடம். கஞ்சியோட."

"யாரு?"

"அந்த மைக் செட்காரரு, பால்துரை."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லம் உண்டு. இனி வைத்தியம் இல்லை என்று ஆனவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். பால்துரை அங்கே படுத்திருந்தார். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போட்டு வாழ்ந்த மனிதர். இப்போது உணவுக்குழாயில் புற்று. குரல் காற்றாகத்தான் வரும். கஞ்சி இரண்டு மடக்குக்கு மேல் இறங்குவதில்லை. மறுநாள் விடிந்ததும் மதுரைக்குக் கொண்டுபோய், வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதென்று மகன் ஞானராஜ் வேன் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்.

ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார். முறைப்படிதான் எல்லாம் செய்தாராம். அனுமதி கேட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, வினாத்தாளைப் பிரித்தாராம். அப்பாவால் பேச முடியாது, நான் சொல்லுதேன் என்று மகன் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டாராம். சாப்பிட முடியாமல் போனால் குழாய் வைக்க விருப்பமா? மகன், ஆமா. கடைசி நாட்களைக் கழிக்க விரும்புவது வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? மகன், ஆஸ்பத்திரி. நோயின் நிலை தெரியுமா? இதற்கு மட்டும் மகன் கண்ணைக் காட்டி, அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னாராம்.

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க சார். தாங்க மாட்டாரு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து, ஒத்துழைப்புக்கு நன்றி என்று கும்பிட்டிருக்கிறார். அப்போதுதான் டம்ளர் பறந்தது.

"எதுக்காக வெயில்ல பஸ் மாறி பஸ் மாறிப் போறேன்? அவங்களுக்காகத்தானே? ஒத்துழைக்காதவர்னு எழுதி அவரை ஆய்வுல இருந்து எடுத்திருவோம் மேடம். நான் என்ன தப்புப் பண்ணேன்? அதையாவது சொல்லுங்க."

செண்பகவல்லி கைப்பேசியை எடுத்தார். அவசரத்துக்கு அழைக்க என்று ஆவுடையப்பன் பதிவின்போது கொடுத்திருந்த எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியைப் போட்டு, அவரைப் பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினார். எடுத்தது ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அவருடைய மகன் நம்பிராஜன்.

"தம்பி, அப்பாவோட நெறியாளர் பேசுறேன். அவரோட பதிவை இந்த வருஷம் நீட்டிக்கணும். அவருக்கு இதைத் தொடர விருப்பம் இருக்கா?"

நம்பிராஜன் யோசிக்கவே இல்லை.

"அவருக்கும் முடியலதான் மேடம். முட்டி வலி. வாய் விட்டுச் சொல்ல மாட்டாரு. ரிட்டயர் ஆன பொறவு பொழுது போகணும்லா, அதுக்குத்தான் போய்ட்டு வாராரு."

"அப்போ நிறுத்திக்கலாம்னு நினைக்கிறாரா?"

"நிறுத்தினா அவருக்கு நிம்மதிதான். எங்க அப்பாவ எனக்குத் தெரியாதா?"

"நல்லது தம்பி."

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிராதீங்க மேடம். தாங்க மாட்டாரு."

செண்பகவல்லி கைப்பேசியை வைத்தார். ஒரு தாளை எடுத்து, எழுதிக்கொண்டே வாசித்தார். "ஆய்வாளர் ஆய்வைத் தொடர விரும்பவில்லை."

ஆவுடையப்பன் மேஜையில் ஓங்கி அடித்தார். பேனாக் கூடு உருண்டு கீழே விழுந்தது.

"நான் ஒருத்தன் முன்னாலதானே நிக்கேன்? என்னைப் பத்தி என் முன்னாலயே அவன்ட்ட கேக்கீங்க. அவன் என்னத்தையோ சொல்லுதான். நீங்க எழுதுதீங்க. என்கிட்ட கேட்டா என்ன? எனக்கு என்ன வாயில்லையா? நான் என்ன செத்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

செண்பகவல்லி குனிந்து பேனாக்களைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார்.

"பால்துரை கைக்கு டம்ளர் கெடைச்சுது சார்."

ஆவுடையப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார். பையிலிருந்து வினாத்தாள் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதிலளித்தவர் என்ற இடத்தில் மகன், மருமகள், மகன், மகன், அக்காள் மகன். முதியோரின் விருப்பங்கள் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கட்டில் கட்டிலாகப் போய், கண் திறந்து படுத்திருந்தவர்களுக்கு முன்னால் நின்று, அவர்களைத் தாண்டி யார் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். கேட்க வேண்டியவரை விட்டுவிட்டுச் சுவரைக் கேட்டிருந்தாலும் இவ்வளவு அவமானம் இல்லை. தலைமையாசிரியர்களை நிற்க வைத்துக் கேட்டவருக்குப் படுத்திருப்பவரிடம் கேட்கத் தோன்றவில்லை. அத்தனை முதியவர்களில் ஒருவர்தான் எறிந்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

"குடும்பத்தார் சொன்னாலும் எழுதலாம்னு விதி இருக்கே மேடம்" என்றார். குரலில் பாதிக் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"நினைவு தப்பினவங்களுக்காக வெச்ச விதி. சரியாப் பாக்காம உங்க கட்டுல கையெழுத்துப் போட்டது நான்தான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." அவர் மணியைப் பார்த்தார். "வேன் காலைலதானே வருது?"

ஆவுடையப்பன் எழுந்தார். வினாத்தாள் கட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஞானராஜ் அப்பாவின் வேட்டி துண்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரும் கெட்ட மகன் இல்லை. ஒரு மாதமாகக் கடையைப் பூட்டிவிட்டுத் தகப்பன் காலடியில் கிடக்கிறவர். ஆனால் பாசம் இருந்தால் அடுத்தவர் வாயைப் பொத்தலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆவுடையப்பன் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். எதற்கு என்று அவர் இழுத்தார். ஆவுடையப்பன் பழைய அலுவலர் குரலை எடுத்தார். ஞானராஜ் வெளியே போனார். இவர் கதவைச் சாத்தினார்.

பால்துரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆவுடையப்பன் நாற்காலியைச் சுற்றிக் கொண்டுபோய், அந்தச் சுவரோரம், முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, காலைல உங்களக் கேக்காம எழுதிட்டுப் போயிட்டேன். இப்பக் கேக்க வந்திருக்கேன். ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவசரப்படுத்தக் கூடாது என்று ஆவுடையப்பன் கைகளைக் கட்டிக்கொண்டார். பிறகு காற்றும் கரகரப்புமாக வார்த்தை வந்தது.

"இப்பத்தான் மைக்கக் குடுக்கீரு."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பால்துரை ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார். குழாய் வேண்டாமாம். வயிற்றில் துளை போட்டு ஊற்றுகிற கஞ்சியை யார் குடிக்கிறதாகக் கணக்கு என்று கேட்டார். மதுரைக்குப் போக மாட்டாராம். வேனில் தூக்கி ஏற்றினால் கையில் கிடைத்ததை எறிவாராம். பேசிப் பேசிக் களைத்துக் கண்ணை மூடினார். முடிந்தது என்று ஆவுடையப்பன் நினைத்தபோது கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தார்.

"நான் கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் பொழைக்க மாட்டேனா?"

தலைமையாசிரியர்களின் நாக்கை ஒட்ட வைத்தவருக்கு இப்போது தம்முடைய நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் அண்ணாச்சி, இந்தா வாரேன் என்று எப்படியோ சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார். தூணோரம் நின்ற ஞானராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு எட்டு தள்ளிப் போய் நெறியாளரை அழைத்தார்.

"மேடம், கேட்டுட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"பொழைப்பேனான்னு. சொல்ல மாட்டேன்னு மகன்ட்ட வாக்குக் குடுத்திருக்கேன். உள்ளதச் சொன்னா தாங்குவாரா? இல்லேன்னா டாக்டர வரச் சொல்லிட்டு நான் ஒதுங்கிரவா? நீங்களே சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்ல?"

அந்தப் பக்கத்திலிருந்து செண்பகவல்லி கேட்டார்.

"இப்ப எங்க நிக்கிறீங்க சார்?"

ஆவுடையப்பன் சுற்றிலும் பார்த்தார். மகன் காலையில் கண்ணைக் காட்டிக் கூட்டிவந்து நிறுத்திய அதே இடம்.

"வராந்தாவுல."

"கேட்டவர் உள்ள இருக்காரு."